இரண்டு கேமராக்களின் எடை எங்கே இறங்குகிறது?

கருவியும் உடலும் – 14

தாலி கட்டும் நேரத்தில் லென்ஸ் மாற்ற அவகாசம் கிடையாது என்பதே, தமிழ்நாட்டில் கல்யாண வேலை செய்யும் புகைப்படக் கலைஞர்கள் இரண்டு கேமராக்களைச் சுமப்பதற்கு முதல் காரணம். கெட்டிமேளம் முழங்கத் தொடங்கியதிலிருந்து மூன்றாவது முடிச்சு விழும் வரையிலான சில நொடிகளுக்குள், மணமேடை முழுவதையும் அட்சதை தூவும் கூட்டத்தையும் அடக்கும் அகலமான படம் ஒன்றும், மணமகனின் விரல்களையும் மணமகளின் முகத்தையும் மட்டும் நெருங்கிப் பிடிக்கும் படம் ஒன்றும் பதிவாக வேண்டியிருப்பதால், 24-70 மி.மீ. லென்ஸ் பொருத்திய கேமரா ஒன்றும் 70-200 மி.மீ. லென்ஸ் பொருத்திய கேமரா ஒன்றும் ஒரே உடலில் தயாராகத் தொங்குகின்றன. ஓமகுண்டத்துப் புகையும் சாம்பல் துகளும் பறக்கும் இடத்தில் லென்ஸைக் கழற்றினால் உள்ளே இருக்கும் சென்சார்மீது தூசி படியும் என்பதும், ஒரு கேமரா பழுதானால் மற்றொன்று கைகொடுக்கும் என்பதும் அடுத்த காரணங்கள். முந்தைய இதழில் முக்காலியைப் பற்றிப் பேசியபோது தரையில் இறங்கிய எடை, இப்போது மனித உடலின் மீது இறங்குகிறது. அது கழுத்தில் இறங்குமா, தோளில் இறங்குமா, இடுப்பில் இறங்குமா என்பதைப் பட்டைதான் தீர்மானிக்கிறது. கடைகளில் ‘கேமரா பெல்ட்’ என்றும் ‘ஸ்ட்ராப்’ என்றும் கேட்டு வாங்கப்படும் பொருளையே இக்கட்டுரை பட்டை என்று குறிக்கிறது. இடுப்பில் கட்டப்படுவது மட்டும் இங்கே பெல்ட் எனப்படும்.

இரண்டு கேமரா வழக்கம் கல்யாண மண்டபத்துக்கு வெகு காலம் முந்தியது. படச்சுருள் காலத்தில் ஒரு கேமராவில் ஒரு வகைச் சுருளைத்தான் இட முடியும் என்பதால், கறுப்பு வெள்ளைக்கு ஒன்றும் வண்ணத்துக்கு ஒன்றுமாகச் செய்திப் படக் கலைஞர்கள் இரண்டைச் சுமந்தார்கள். 1954 மே 25 அன்று இந்தோசீனாவில் தாய் பின் என்னும் ஊருக்கு அருகே கண்ணிவெடியில் சிக்கி இறந்த ராபர்ட் காப்பா, அன்று கறுப்பு வெள்ளைச் சுருள் இட்ட கான்டாக்ஸ் ஒன்றையும் வண்ணச் சுருள் இட்ட நிக்கான் ஒன்றையும் வைத்திருந்தார். அக்காலத்துச் சிறிய கேமராக்களின் எடை மிகக் குறைவு; அதே 1954இல் வெளிவந்த லைக்கா எம்3 கேமராவின் உடல் மட்டும் 600 கிராமுக்குள் அடங்கியது. விரல் அகலமே உள்ள தோல் வார் அதற்குப் போதுமானதாக இருந்தது. இன்றும் புதுக் கேமரா வாங்கினால் பெட்டிக்குள் இலவசமாக வரும் பட்டை, சற்றே அகலப்பட்டிருந்தாலும், அந்தப் பழைய வாரின் வழித்தோன்றல்தான்: இரு முனையும் கேமராவின் இரு காதுகளில் கோக்கப்பட்டு, நடுப்பகுதி கழுத்தில் கிடக்கும் அமைப்பு.

எடை மட்டும் அன்றிருந்தபடி இல்லை. கேனான் 5டி மார்க் 4 கேமரா பேட்டரியும் அட்டையும் சேர்த்து 890 கிராம், 2.8 துளை அளவு கொண்ட 24-70 மி.மீ. இரண்டாம் பதிப்பு லென்ஸ் 805 கிராம். அதே துளை அளவு கொண்ட 70-200 மி.மீ. மூன்றாம் பதிப்பு லென்ஸ் ஏறத்தாழ 1,480 கிராம். துளை அளவு என்பது லென்ஸ் எவ்வளவு அகலமாகத் திறந்து ஒளியை உள்ளே விடும் என்பதைக் குறிக்கும் எண். எண் சிறியதாகச் சிறியதாகத் திறப்பு பெரிதாகும், திறப்பு பெரிதானால் கண்ணாடிகளும் பெரிதாகி எடை கூடும். இந்தக் கணக்கில் ஒரு பக்கம் 1.7 கிலோவும் மறுபக்கம் 2.37 கிலோவுமாக, மொத்தம் நான்கு கிலோவுக்குச் சற்று மேல் உடலில் தொங்குகிறது. கேனான் 600 வரிசையின் இரண்டாம் பதிப்பு ஃபிளாஷ் பேட்டரி இல்லாமலே 435 கிராம். நான்கு செல்களைப் போட்டு இரண்டு கேமராக்களிலும் ஒவ்வொன்று மாட்டினால் மொத்தச் சுமை ஐந்து கிலோவைத் தாண்டுகிறது. ஐந்து கிலோ அரிசிப் பையைக் கடையிலிருந்து வீட்டுக்குத் தூக்கி வருவது யாருக்கும் பெரிய வேலை இல்லை. ஆனால் முந்தின நாள் மாலை வரவேற்பில் தொடங்கி, விடியற்காலை முகூர்த்தம் வழியாகப் பந்தி முடியும் வரை அதைத் தோளிலேயே வைத்திருப்பது வேறு விஷயம்.

கழுத்தில் மாட்டும் முறையை முதலில் ஒதுக்கிவிடலாம். தலையின் எடை சுமார் ஐந்து கிலோ. நிமிர்ந்து நிற்கும்போது அதைக் கழுத்தெலும்புகள் ஏழும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்று தாங்குகின்றன. தலை முன்னால் சாயச் சாய, அதை விழாமல் இழுத்துப் பிடிக்கும் பொறுப்பு பின்கழுத்துத் தசைகளுக்கு வந்துசேர்கிறது. முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் வெளியிட்ட கணிப்பின்படி, தலை 60 பாகை குனிந்தால் கழுத்தின்மீது விழும் விசை சுமார் 27 கிலோ எடைக்குச் சமமாகிறது. எடுத்த படத்தைத் திரையில் பார்க்கக் குனியும் ஒவ்வொரு முறையும் கலைஞரின் கழுத்து இந்த நிலைக்குப் போகிறது. அதே கழுத்தில் இரண்டு கிலோ கேமராவும் முன்புறமாக இழுத்துக்கொண்டு தொங்கினால், குனியும் சுமையும் தொங்கும் சுமையும் ஒரே தசைகளின் மேல் சேர்ந்து விழுகின்றன. இரண்டு கேமராக்களையும் கழுத்திலேயே மாட்டினால், நெஞ்சில் அவை ஒன்றோடொன்று மோதிக் கீறிக்கொள்வதும் கூடுதல் இழப்பு. பழைய செய்திப் படக் கலைஞர்கள் ஒன்றைக் குட்டைப் பட்டையில் நெஞ்சிலும் மற்றதை நீளப் பட்டையில் ஒரு தோளிலுமாக மாட்டி இந்த மோதலைத் தவிர்த்தார்கள். ஆனாலும் தோளில் மாட்டியது நழுவாமல் இருக்க அந்தத் தோளை எப்போதும் சற்றே தூக்கிப் பிடித்திருக்க வேண்டும் என்பதால், நாள் முடிவில் ஒரு பக்கக் கழுத்து இறுகிப்போவது அம்முறையில் தவிர்க்க முடியாதது.

எனவே எடை தோளுக்கு வருகிறது. தோள் என்று பொதுவாகச் சொல்லப்படும் இடம் ஒரே தன்மை உடையது அன்று. கழுத்தின் அடியிலிருந்து தோள்முனை வரை சரிவாக இறங்கும் தடித்த தசை டிரபீசியஸ் எனப்படுகிறது. சுமை தாங்கக்கூடிய சதைப்பகுதி அதுதான். அதற்கு முன்னால், காறையெலும்புக்கு அடியில், கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புகளின் கற்றை இருக்கிறது. பட்டை அந்த முன்பகுதியை அழுத்தினால் நரம்புகள் நசுங்கும். கனமான முதுகுப்பை சுமக்கும் படைவீரர்களிடமும் மலையேறிகளிடமும் மருத்துவர்கள் கண்டு பதிவுசெய்த ‘முதுகுப்பை வாதம்’ என்னும் கோளாறு, இந்த நரம்புக் கற்றை நெடுநேரம் அழுந்துவதால் வருவது. கை வலுவிழக்கும், மரத்துப்போகும், சிலருக்குத் தோள்பட்டை எலும்பு முதுகிலிருந்து சிறகுபோலத் துருத்திக்கொள்ளும். ஐந்து கிலோ கேமரா, முப்பது கிலோ மூட்டை அளவுக்குத் தீங்கு செய்யாது என்றாலும், வேலை நாளின் இறுதியில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரக்கத் தொடங்கினால் அதைக் களைப்பு என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் காட்டுவதே முறை.

தோளில் எடை எவ்வளவு பரப்பில் பரவுகிறது என்பது அடுத்த கேள்வி. 2.37 கிலோ எடையுள்ள கேமரா, தோளில் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்குப் படிந்திருக்கும் பட்டையில் தொங்குவதாகக் கொண்டு ஒரு தோராயக் கணக்குப் போடலாம். பட்டையின் அகலம் 1.2 செ.மீ. என்றால், தோல்மீது விழும் அழுத்தம், இரத்த அழுத்தத்தை அளக்கும் அதே பாதரச அலகில், ஏறத்தாழ 145 மி.மீ.; அகலம் 4 செ.மீ. ஆனால் 44 மி.மீ.; 7 செ.மீ. ஆனால் 25 மி.மீ. இந்த எண்களை ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் உண்டு. இரத்தத்தைத் திசுக்களுக்குள் கொண்டுசேர்க்கும் மயிரிழை போன்ற குழாய்கள் தந்துகிகள் எனப்படும். அவற்றின் நுழைவுப் பக்கத்தில் உள்ள அழுத்தம் சராசரியாக 32 மி.மீ. என்று யூஜின் லாண்டிஸ் 1930இல் அளந்தார். வெளியிலிருந்து அதைவிட மிகுந்த அழுத்தம் இடைவிடாமல் விழும்போது அந்த இடத்துக்கு இரத்தம் செல்வது தடைப்படத் தொடங்குகிறது. பட்டை கிடந்த இடம் முதலில் வெளுத்து, எடுத்தபின் சிவந்து எரிவதற்குக் காரணம் இதுவே. நடக்கும் மனிதனின் தோளில் அழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் இந்த எல்லையை ஒரு கோடுபோலக் கொள்ள முடியாது என்றாலும், ஒல்லியான பட்டைக்கும் அகலமான பட்டைக்கும் உள்ள தூரத்தை அது தெளிவாகவே காட்டுகிறது.

அகலம் போதும், மென்மையும் வேண்டுமா என்று கேட்டால், கீரைக்கூடை சுமக்கும் பெண்ணின் தலையில் இருக்கும் சும்மாடு அதற்குப் பதில் சொல்லும். சும்மாட்டுத் துணி பஞ்சுபோல் மெத்தென்று இருப்பதில்லை. இறுக்கிச் சுருட்டப்பட்டு, அமுங்கிக் கொடுத்தாலும் நசுங்கிப்போகாத அளவுக்குக் கெட்டியாக இருக்கிறது. கூடையின் அடிப்பாகத்துக்கும் தலையின் வளைவுக்கும் இடையே உள்ள பொருத்தமின்மையை நிரப்பி, எடையை ஒரு வளையம் முழுவதற்கும் பகிர்ந்து கொடுப்பதுதான் அதன் வேலை. நல்ல தோள்மெத்தையின் இலக்கணமும் அதுதான். கடையில் விரலால் அழுத்தியதும் சுகமாக உள்ளே போகும் மிருதுவான ஃபோம், இரண்டு கிலோ எடை ஏறியதும் முழுவதும் நசுங்கி, உள்ளே இருக்கும் நைலான் வாரின் விளிம்பு தோலில் பதியும்படி விட்டுவிடும். விரலுக்குச் சற்றே கெட்டியாகத் தெரியும் மெத்தைதான் மாலை வரை தாங்கும்.

நியோப்பிரீன் பட்டைகளைப் பற்றி இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். 1930இல் டூபாண்ட் நிறுவன வேதியியலாளர்கள் உருவாக்கிய இந்தச் செயற்கை ரப்பரைத் தோள்பகுதியில் வைத்துச் செய்த பட்டைகள், கேமராவின் எடை பாதியாகக் குறைந்துவிட்டது போன்ற உணர்வைத் தருவதாகப் பலர் சொல்கிறார்கள். எடை குறைவதில்லை, ரப்பர் நீண்டு சுருங்குவதால், ஒவ்வோர் அடி வைக்கும்போதும் தோளில் ‘ணங்’கென்று விழும் உச்ச விசை மழுங்குகிறது. வளைந்து கொடுக்கும் மூங்கில் தடியில் இருபுறமும் சுமை கட்டித் தூக்கும் காவடிக்காரர்கள் காலங்காலமாக அறிந்த உண்மை இது. அமெரிக்க உடலியக்க ஆய்வாளர் ராஜர் கிராம் 1991இல் வெளியிட்ட ஆய்வில், வளைந்து கொடுக்கும் தடிகளில் சுமை ஏந்தி ஓடியவர்கள் செலவிட்ட ஆற்றல் குறையவில்லை என்றும், ஆனால் தோளில் விழும் உச்ச விசை குறைந்தது என்றும் கண்டார். நியோப்பிரீனும் அவ்வளவே செய்கிறது: தோள் நோவு குறையும், களைப்பு குறையாது. தவிர, காவடிக்காரரின் சுமை உடலைவிட்டு விலகி ஆடுகிறது. கலைஞரின் கேமரா இடுப்பெலும்பின் மேல் குதிக்கிறது. ஒரு கேமரா வைத்திருப்பவருக்கு நியோப்பிரீன் நல்ல பொருள். இரண்டு கனமான கேமராக்கள் தொங்கும்போது அதிகம் நீளாத மெத்தையே மேல் என்பது இக்கட்டுரையின் முடிவு.

இரண்டு கேமராக்களுக்கான அமைப்புகளில் இன்று அதிகம் விற்பது, இரண்டு தோள்களின் வழியாக இறங்கி முதுகில் ஒன்றாக இணையும் இரட்டைப் பட்டை. ஆங்கிலச் சொல்லையே எடுத்துக்கொண்டு ‘ஹார்னஸ்’ என்று தொழிலில் சொல்கிறார்கள். அமெரிக்காவின் ஹோல்ட்ஃபாஸ்ட் நிறுவனம் தோலில் செய்யும் மணிமேக்கர், பிளாக்ராபிட் நிறுவனத்தின் இரட்டைப் பட்டை ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. உள்ளூர்ச் சந்தையில் இவற்றின் சாயலில் குறைந்த விலைக்கும் கிடைக்கின்றன. இதன் நுட்பம் பட்டையில் ஓடும் வளையத்தில் இருக்கிறது. கேமரா பட்டையோடு தைக்கப்படாமல், அதன்மேல் வழுக்கிச் செல்லும் கொக்கியில் தொங்குவதால், கேமராவைக் கண்ணுக்கு உயர்த்தும்போது கொக்கி மட்டும் மேலேறுகிறது. தோள்மெத்தை இருந்த இடத்திலேயே இருக்கிறது. பழைய பட்டையில் கேமராவைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் பட்டையும் சேர்ந்து நகர்ந்து சட்டைக் காலரையும் கழுத்துத் தோலையும் தேய்க்கும். ஒரு கல்யாணத்தில் கேமரா எத்தனை முறை கண்ணுக்கு ஏறி இறங்கும் என்று எண்ணிப் பார்த்தால், அந்தத் தேய்ப்பு நின்றுபோவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது விளங்கும்.

ஹார்னஸ் வாங்க மனமில்லாதவர்கள், உடலுக்குக் குறுக்கே மாட்டும் ஒற்றைப் பட்டைகள் இரண்டை எதிரெதிராகப் போட்டுக்கொள்வதுண்டு. செலவு குறைவு என்றாலும், இரண்டு பட்டைகளும் கழுத்தின் அடியை நோக்கியே இழுக்கப்படும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஒன்றைக் கழற்ற வேண்டுமானால் மற்றதையும் கழற்ற வேண்டும். அரைநாள் வேலைக்குச் சரி, முழு முகூர்த்தத்துக்கு ஆகாது. ஹார்னஸிலும் கவனிக்க வேண்டியது முதுகு இணைப்பு. 1.7 கிலோ ஒரு பக்கமும் 2.37 கிலோ மறுபக்கமும் இருக்கும்போது, கனமான பக்கம் முழு அமைப்பையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அரைமணி நேரத்தில் முதுகு இணைப்பு நடு முதுகைவிட்டு விலகி, எதிர்ப்பக்கப் பட்டை கழுத்தை நோக்கி ஏறிவிடும். இணைப்பு ஒரே புள்ளியில் தைக்கப்பட்டிருக்கிறதா, தட்டையான அகலத் துண்டாக இருக்கிறதா, இரு பக்க நீளங்களையும் தனித்தனியே திருத்த முடிகிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். நெஞ்சின் குறுக்கே இரு பட்டைகளையும் பிணைக்கும் சிறு வார் ஒன்று இருந்தால் இந்த விலகல் பெருமளவு குறையும். அந்த நெஞ்சு வார் மேலும் கீழும் நகர்த்தத்தக்கதாக இருப்பது, பெண் கலைஞர்களுக்கு இன்றியமையாதது. பல ஹார்னஸ்கள் ஆணுடலின் தோள் அகலத்தையும் தட்டையான மார்பையும் மனத்தில் வைத்தே வெட்டப்படுகின்றன. குறுகிய தோளில் அதே பட்டை வெளிப்புறமாக வழுக்கிக்கொண்டே இருக்கும். பெண்கள் பலர் இத்தொழிலுக்கு வந்துவிட்ட இன்றும், அளவு வகைகள் போதுமானபடி வராதது தயாரிப்பாளர்களின் அக்கறைக் குறைவுதான்.

எடையைத் தோளிலிருந்து முழுவதுமாக இறக்கி, இடுப்பு பெல்ட்டில் மாட்டும் முறையும் உண்டு. 1952 முதல் கலிஃபோர்னியாவில் டிக் கெல்ட்டி விற்ற மலையேற்றப் பைகள், முதுகுச் சுமையை இடுப்பெலும்புக்கு மாற்றும் பெல்ட்டைப் பரவலாக்கின; உடலின் மிக வலுவான எலும்பு வளையமும், கால்களின் பெரிய தசைகளும் நேரடியாகச் சுமையை ஏற்பதால் தோளும் கழுத்தும் விடுதலை அடைகின்றன. ஸ்பைடர் ஹோல்ஸ்டர் போன்ற அமைப்புகளில், கேமராவின் அடியில் பொருத்திய உலோகக் குமிழ், பெல்ட்டில் உள்ள தாழ்ப்பாளில் இறங்கிப் பூட்டிக்கொள்கிறது. தோள்வலி உள்ளவர்களுக்கு இது பெரும் வரம். ஆனால் இரு பக்கமும் இரண்டு கேமராக்கள் துருத்தி நிற்பதால் நெருக்கமான பந்தி வரிசைகளுக்கு இடையே நடக்க முடியாது. கேமரா நழுவாமல் இருக்க பெல்ட்டை இறுக்கிக் கட்டினால், இடுப்பின் முன்புறமாகத் தொடைக்குச் செல்லும் தோல் உணர்வு நரம்பு அழுந்தி, தொடையின் வெளிப்பக்கம் எரிச்சலும் மரப்பும் எடுக்கும். மெரால்ஜியா பாரஸ்தெட்டிகா என்று மருத்துவம் அழைக்கும் இந்தத் தொல்லை, இறுக்கமான பெல்ட் அணிவோருக்கும் வயிறு பெருத்தவர்களுக்கும் வருவது. பெல்ட், எலும்பின் மேல் விளிம்பில் உட்கார வேண்டும். அடிவயிற்றை இறுக்கக் கூடாது. கனடாவின் காட்டன் கேரியர் போல, நெஞ்சுக் கவசத்தில் ஒரு கேமராவையும் இடுப்பில் ஒன்றையும் பூட்டும் வகை காட்டிலும் மலையிலும் அலைபவர்களுக்கு ஏற்றது. ஏப்ரல் மாத மண்டபப் புழுக்கத்தில் நெஞ்சு முழுவதும் கவசம் அணிவதை யாருக்கும் பரிந்துரைக்க முடியாது.

பட்டையின் நீளம் பலரும் அலட்சியம் செய்வது. மெட்டி போடும் சடங்கைப் படமெடுக்கும் கலைஞரைக் கவனித்தால் அதன் அருமை தெரியும். மணமகள் அம்மியின்மேல் பாதத்தை வைக்க, மணமகன் குனிந்து மெட்டியை விரலில் ஏற்றும் அந்தக் கணத்தில், கலைஞரும் முழங்காலிட்டுப் பாதத்தின் மட்டத்துக்கு இறங்குகிறார். கையிலுள்ள கேமரா கண்ணில் இருக்க, இடுப்பில் தொங்கும் மற்றொன்று அவர் முன்னால் சாய்ந்தவுடன் உடலைவிட்டு விலகி ஊசலாக முன்னே பாய்ந்து, அம்மிக்கல்லிலோ பக்கத்தில் எரியும் குத்துவிளக்கிலோ லென்ஸ் முனையால் இடிக்கிறது. நடக்கும்போது நேர்வதும் ஊசல் இயக்கம்தான். 25 செ.மீ. நீளமுள்ள ஊசல் ஒரு முறை போய்வர ஒரு நொடி எடுக்கும். சாதாரண நடையில் இரண்டு அடிகளுக்கு ஆகும் நேரமும் ஏறத்தாழ ஒரு நொடியே. ஊஞ்சலைச் சரியான தாளத்தில் தள்ளிக்கொண்டே இருந்தால் வீச்சு பெருகுவதுபோல, உடலைத் தொடாமல் அந்த அளவு நீளத்தில் தொங்கும் கேமரா நடைக்கு இசைந்து மேலும் மேலும் ஆடும். ஆகவே கேமராவின் முதுகு இடுப்பெலும்பை ஒட்டிச் சாய்ந்திருக்கும்படியும், கை தோளைத் தாழ்த்தாமலே அதன் பிடியை எட்டும்படியும் பட்டையைக் குறுக்க வேண்டும். கொக்கி பின்பக்கம் ஓடிவிடாமல் தடுக்கும் சிறு பிளாஸ்டிக் பூட்டு பட்டையில் இருந்தால், குனிவதற்கு முன் அதை இறுக்கிக்கொள்ளலாம். இல்லாத பட்டையில் இடது முழங்கையால் கேமராவை விலாவோடு அணைத்துக்கொண்டு குனியும் பழக்கம் வர வேண்டும்.

எந்தக் கேமரா எந்தப் பக்கம் என்பதற்கும் காரணம் உண்டு. பிடியும் பொத்தானும் கேமராவின் வலப்புறத்திலேயே இருப்பதால், வலப்பக்கம் தொங்குவதை வலக்கை நேராகப் பற்றி எடுத்துவிடும். இடப்பக்கம் தொங்குவதை இடக்கை லென்ஸைப் பிடித்துத் தூக்கி வலக்கைக்குக் கொடுக்க வேண்டும். நீண்ட 70-200 லென்ஸ் இடக்கைப் பிடிக்கு வாகானது. அதை இடப்பக்கமும், அடிக்கடி எடுக்கப்படும் 24-70ஐ வலப்பக்கமும் மாட்டுவது பெரும்பாலோருக்கு ஒத்துவரும்.

சுகத்தைப் பற்றிய பேச்சில் பாதுகாப்பையும் சேர்த்தே பேச வேண்டும், ஏனென்றால் கேமரா விழுந்துவிடுமோ என்ற அச்சத்தில் கையால் தாங்கிக்கொண்டே நடப்பவருக்கு எந்த மெத்தையும் பயன் தராது. ஹார்னஸ்களில் பெரும்பாலானவை கேமராவின் அடியில் முக்காலிக்காக உள்ள மரைத்துளையில் திருகாணியால் பொருத்தப்படுகின்றன; கால் அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 20 மரையும் கொண்ட இந்த அளவு உலகெங்கும் ஒன்றே. முக்காலியில் இந்தத் திருகாணி அசையாமல் நிற்கிறது. பட்டையில் தொங்கும்போதோ ஓயாமல் பக்கவாட்டில் ஆட்டப்படுகிறது. திருகாணியின் அச்சுக்குக் குறுக்காக வரும் அதிர்வே அதை மிக விரைவாகத் தளர்த்துகிறது என்பதை ஜெர்மானியப் பொறியாளர் ஜெர்ஹார்ட் யுங்கர் 1969இல் நிறுவினார். ரப்பர் வாஷர் உள்ள திருகாணி உராய்வால் தளர்வைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. எனவே ஒவ்வொரு சடங்குக்கும் இடையே விரலால் ஒரு முறை முறுக்கிப் பார்ப்பதும், திருகாணியோடு மட்டும் நில்லாமல் கேமராவின் காதிலிருந்து பட்டைக்கு இரண்டாவதாக ஒரு சிறு கயிற்றைக் கோத்து வைப்பதும் கட்டாயம். 70-200 லென்ஸில் முக்காலி வளையம் இருக்கிறது; திருகாணியை அந்த வளையத்தில் பொருத்தினால், கனமான லென்ஸ் கேமராவின் முகப்பு இணைப்பை நெம்பாமல், எடை நடுவில் சமன்பட்டுத் தொங்கும். பீக் டிசைன் நிறுவனத்தின் பட்டைகளில் வரும் சிறு கயிற்றுக் கொக்கிகள், மேல்நூல் தேய்ந்ததும் உள்ளே வேறு நிற நூல் வெளித்தெரியும்படி பின்னப்பட்டவை; மாற்ற வேண்டிய காலத்தைப் பொருளே சொல்லிவிடும் இந்த ஏற்பாடு மற்ற எல்லாப் பட்டைகளிலும் வர வேண்டியது.

தோல் பட்டைகள் அழகானவை, உடலின் வளைவுக்குப் பழகிக்கொள்பவை; ஆனால் வியர்வை உப்பு ஊறி ஊறிக் காய்ந்தால் விறைத்து வெடிக்கும். கடலோர ஊர்களில் வேலை செய்பவர்கள் தோலை வாங்கினால், ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்தவும், அவ்வப்போது எண்ணெய்ப்பூச்சு கொடுக்கவும் தயாராக இருக்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர்களுக்குத் துவைக்கக்கூடிய நைலான் வாரும், உள்பக்கம் காற்றோட்டமான வலைத்துணி தைத்த மெத்தையும் போதும்.

பட்டையால் தீராத வலியை எடைக் குறைப்பு தீர்க்கும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத புதிய வகைக் கேமராவான கேனான் ஆர்5 இரண்டையும், அதே வரிசையின் 35 மி.மீ., 85 மி.மீ. சிறு லென்ஸ்களையும் வைத்தால் மொத்தம் 2.3 கிலோவுக்குள் முடிந்துவிடுகிறது. பழைய நான்கு கிலோவில் ஏறத்தாழ பாதி. கருவி மாற்ற வசதியில்லாதவர்கள், சடங்குக்குச் சடங்கு தேவையில்லாத கேமராவையும் ஃபிளாஷையும் கழற்றி வைப்பதாலேயே தோளுக்குப் பெரும் ஓய்வு தரலாம். அதற்கு, கழற்றி வைக்க ஓர் இடம் வேண்டும்.

தமிழகத்துப் பழைய சாலையோரங்களில் நிற்கும் சுமைதாங்கிக் கற்கள் இதற்காகவே எழுந்தவை. இரண்டு கற்களை நட்டு, மேலே ஒன்றைக் குறுக்காக வைத்த அந்த அமைப்பு, தலைச்சுமைக்காரர் ஒருவர் பிறர் உதவி இல்லாமல் சுமையை இறக்கி வைக்கவும், நின்றபடியே மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரத்தில் இருக்கும். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நாட்டினார்கள். கல்யாண மண்டபங்களில் நாதஸ்வரக் குழுவுக்கு ஜமக்காளம் விரிக்கப்படுகிறது, புரோகிதருக்கு மணை போடப்படுகிறது. இரவும் பகலும் ஐந்து கிலோவைத் தோளில் தாங்கி நிற்கும் புகைப்படக் கலைஞருக்கு மட்டும் எதுவும் இல்லை. கல்யாண வீட்டார், மணமேடையின் ஓரத்தில், இடுப்புயர மேசை ஒன்றை, குழந்தைகள் கைக்கு எட்டாதபடி சுவரை ஒட்டி, புகைப்படக் கலைஞருக்கென்று போட்டுக் கொடுக்க வேண்டும்.